மாலை போட்ட படம்

தாராவி, மும்பை
3 செப்டம்பர் 2024

ஏட்டி வள்ளி,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் லெட்டர் ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. நான் கேக்கல. நீ நல்லாத்தான் இருக்க, ஷாலினி மொபைல்ல பாத்தேன்.

உன்னைப் போன்ல பிளாக் பண்ணினது இதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சிருக்கும். போன்ல பேசினா நீ அழுவ. நீ அழுதா எனக்குக் கோபம் இறங்கிரும். இந்தத் தடவை இறங்கக் கூடாதுன்னுதான் லெட்டர் எழுதுதேன். இன்னொரு சௌகரியமும் உண்டு. இந்த வீட்டுல தமிழ் வாசிக்கத் தெரிஞ்சது இப்போ நான் ஒருத்திதான். அம்மா பள்ளிக்கூடமே பாக்காதவ. உன் அத்தானுக்குக் கையெழுத்து மட்டும் வரும். என் மக ஷாலினி காலேஜ் போறா, ஆனா தமிழ் எழுத்தைப் பாத்தா ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருக்குங்கா.

அவதான் ஞாயித்துக்கிழமை மொபைலத் தூக்கிட்டு ஓடி வந்தா. "சித்தி வைரல் ஆயிட்டாங்க." கறுப்புச் சேலை, மேடையில ஒத்தை லைட்டு, நீ. ப்ரெஞ்சுல பாடுத, அழுத, மறுபடி பாடுத. கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுது. ஷாலினி அதைப் பாத்து என் காதுல மெதுவாச் சொல்லச் சொல்லக் கேட்டுட்டு இருந்தேன். நீ பாடுதது இதுதான்: எங்கம்மா தாராவியில குப்பை பொறுக்கினா. எனக்கு ஒம்பது வயசு. குப்பை மேடு சரிஞ்சு அவ மேல விழுந்துது. அதுலயே போயிட்டா.

ஷாலினி வாசிக்கிறதை நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்தா. நான் அம்மாவைப் பாத்தேன். அவ ரெண்டு அடி தள்ளி உக்காந்து கைமுறுக்கு சுத்திட்டு இருந்தா. "வள்ளி குரலாட்டம் இருக்கே, பாடுதாளா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "நல்லாப் பாடுதாளா?"ன்னா. அதுக்கும் ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுத?

நீ மாதுங்கா காலேஜ்ல ப்ரெஞ்சு எடுத்தது மார்க் நிறைய வரும்னு. அந்தப் பீஸ் கட்ட அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால உக்காந்தா. மலாடு கால் சென்டர்ல ப்ரெஞ்சுக்காரன் கூடப் பேசுத வேலைக்கு நீ போனப்போ, தெரு முழுக்க முறுக்கு கொடுத்தா. ப்ரான்சுல லியோனுக்கு நாடகம் படிக்கப் போறேன்னு நீ நின்னப்போ, வேண்டாம்னு சொன்னவ நான். போகட்டும்னு சொன்னவ அவ. அவளைத்தான் நீ குப்பையில புதைச்சிருக்க. இருநூத்திப் பதினாறாவது ஷோன்னு அந்த வீடியோவுல போட்டிருக்கு.

அப்பா நிஜமாவே செத்தவர்தான. சுவத்துல மாலையோட தொங்குறார். யாராவது செத்தாத்தான் பாட்டு வரும்னா அவரைச் சொல்லியிருக்கலாம்ல.

பிரேமலதா


லியோன்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரேமா அக்காவுக்கு,

கையால் தமிழ் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள். மற்றதைப் பொறுக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இங்கே வந்து ஏழு வருடம் நாடகங்களில் எனக்குக் கிடைத்த வேடங்கள்: வேலைக்காரி, நர்ஸ், மறுபடியும் வேலைக்காரி. பாட்டு எழுதினேன். காதலைப் பற்றி எழுதினேன், மழையைப் பற்றி எழுதினேன், மெட்ரோவில் தூங்குகிறவர்களைப் பற்றி எழுதினேன். உச்சரிப்பு பிரமாதம் என்று சொல்லிவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கால் சென்டரில் அவர்கள் ஊர்க்காரி போலப் பேசியதற்கும் இதைத்தான் சொன்னார்கள்.

பிறகு ஒரு பாட்டு எழுதினேன். காலையில் தண்ணீர்க் குழாய் வரிசையில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் குடத்தோடு நிற்கிறாள். அம்மா இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அது கற்பனை அக்கா. எதிர்வீட்டு அக்தர் பானுவின் அம்மா இறந்தபோது அவள் நின்றாளே, அதை நினைத்துக்கொண்டு எழுதியது. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த ஒரு கஃபேயில் பாடினேன். ஒரு வயதான பெண்மணி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "உன் அம்மாவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் செய்தது அதுதான். அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் தாயில்லாத பெண் என்று வந்துவிட்டது. லூக் என்று ஒரு இயக்குநர் அதைப் படித்துவிட்டுத் தேடி வந்தார். குப்பை மேடு அவர் சேர்த்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செத்துப்போன ஒரு அம்மா வந்த பிறகுதான் எனக்கு மேடையின் நடுவில் நிற்க இடம் கிடைத்தது.  நீ நம்ப மாட்டாய்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஒன்றுதான் கேட்கிறேன்.

வள்ளி


தாராவி
24 அக்டோபர் 2024

வள்ளி,

என்ன, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதுத. நம்ம பேச்சு மறந்து போச்சா, இல்ல நாடகத்துக்கு எழுதுத கையா?

தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. செம்பூர்ல நாலு கடை, மாதுங்காவுல மூணு கடை. அதுக்கு நடுவுல எழுதுதேன், சுருக்கமாச் சொல்லிருதேன். அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. நான் சொல்லல. ஷாலினிகிட்ட, "உன் சித்தி என்னத்தடி பாடுதா, எனக்கும் சொல்லு"ன்னு நாலு நாளா நச்சரிச்சிருக்கா. பிள்ளை மூடி மறைச்சுப் பாத்துட்டு, கடைசியில அழுதுட்டே சொல்லிட்டா.

அம்மா மாவைப் பிசைஞ்சிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "செத்துட்டேன்னு சொன்னது இருக்கட்டும். நான் எப்போடி குப்பை பொறுக்கினேன்?" அதைத்தான் அவளால தாங்க முடியல. முப்பத்தி ரெண்டு வருஷம் முறுக்கு சுத்தியிருக்கா. அவ கையால சுத்தினது அஞ்சு சுத்தும் ஒரே அளவுல நிக்கும்னு மாதுங்கா மாமிங்க தேடி வந்து வாங்குவாங்க. "முறுக்கு சுத்தினான்னு பாடினா அந்த ஊர்க்காரங்க அழ மாட்டாங்களாமா?"ன்னு கேக்கா. இதுக்கு நீயே பதில் எழுது.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அவளைத் திட்டாத. நான் உசுரோட இருக்குறது தெரிஞ்சா அவளுக்கு வேலை போயிருமாம்ல"ன்னு சொன்னா. இப்படி ஒருத்தியை வச்சிக்கிட்டு நான் உன்னை எப்படித் திட்ட?

ஆனா நான் அம்மா இல்ல. என் பேச்சைக் கேட்டுக்கோ. அம்மாவுக்கு அறுபத்தெட்டு. காலு வீங்குது, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. டாக்டர் இதயம் பலவீனமா இருக்குன்னு சொல்லி மாத்திரை மாத்தியிருக்கார். அவ இருக்கும்போதே, அந்த மேடையில நின்னு, எங்கம்மா உசுரோட இருக்கான்னு ஒரு தடவை சொல்லணும். ஒரே ஒரு தடவை. அதை வீடியோ எடுத்து அனுப்பு. அன்னைக்குப் பிளாக்கை எடுக்கேன்.

பிரேமா


லியோன்
1 டிசம்பர் 2024

அக்கா,

சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இப்போது முடியாது. காரணத்தைக் கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரும்.

இங்கே ஒரு டிவி சேனல் என்னைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுக்கிறது. பிப்ரவரியில் மும்பை வருகிறார்கள். நான் பிறந்த வீடு, குழாய், சந்து எல்லாம் வேண்டுமாம். நான் இரண்டு தடவை தட்டிக்கழித்தேன். லூக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தப் படம் வந்தால் பாரிஸில் பெரிய அரங்கு கிடைக்கும். அங்கே போய்விட்டால் யாருக்கும் பயப்பட வேண்டாம், என் பெயரே போதும், அப்போது உண்மையைச் சொல்லலாம்.

எப்படிக் கேட்பது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேராகவே கேட்கிறேன். பிப்ரவரி 18, 19 இரண்டு நாள் அம்மாவை உல்லாஸ்நகர் அத்தை வீட்டில் வைத்திருக்க முடியுமா? நீயும் கூடப் போ. சாவியை மட்டும் பக்கத்து வீட்டு மதீனா பீவி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. படப்பிடிப்பு முடிந்த மறுநாள் நான் தனியாக உல்லாஸ்நகர் வருகிறேன். ஒரு முழு நாள் அம்மாவோடு இருப்பேன்.

எட்டு வருடம் ஆகிறது அக்கா நான் அம்மாவைத் தொட்டு.

வள்ளி


தாராவி
26 டிசம்பர் 2024

வள்ளி,

உன் லெட்டரை வாசிச்சுட்டு அடுப்புல போடப் போனேன். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. "வள்ளி லெட்டர்தான அது, என்ன எழுதியிருக்கா, வாசி"ன்னா. பொய் சொல்லலாம்னு பாத்தேன், வரல. உன்னை மாதிரி எனக்குப் பழக்கம் இல்ல.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "வாராளா? பிப்ரவரியிலயா?" மத்ததெல்லாம் அவ காதுலயே ஏறல. சொந்த வீட்டை விட்டு ஒளிஞ்சு போகச் சொல்லுதான்னு நான் கத்தினேன். "ரெண்டு நாள்தான, உங்க அத்தையைப் பாத்தும் நாளாச்சு"ன்னு சொல்லிட்டு, அன்னைக்கே உனக்கு எள்ளு முறுக்கு சுத்தணும்னு எள்ளு வாங்கி வரச் சொல்லிட்டா.

போறோம். அம்மாவுக்காகப் போறோம், உனக்காக இல்ல. இன்னொண்ணையும் சொல்லிருதேன். டிரங்குப் பெட்டியில அவ பாஸ்போர்ட் இருக்கு. 2015ல நீ கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன உடனே எடுத்தது. அந்தப் போட்டோவுக்குன்னே கல்யாணச் சேலையைக் கட்டிட்டுப் போய் நின்னா. ஒரு சீல் கூட விழாம அப்படியே இருக்கு. அடுத்த ஆகஸ்ட்ல தேதி முடியுது. வரும்போது அதையும் வாங்கிப் பாரு.

20ஆம் தேதி நீ வரணும். வரலன்னா, அதுக்கப்புறம் எனக்கு லெட்டர் போடாத.

பிரேமா


தாராவி
27 பிப்ரவரி 2025

வள்ளி,

போடாதன்னு சொன்னவளே போடுதேன். சொல்லாம இருக்க முடியல.

20ஆம் தேதி காலையிலயே அம்மா தலை குளிச்சு உக்காந்துட்டா. ரயில் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனா. அத்தை வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல ரெண்டு தெரு இருக்கு, எந்த ரயில்ல நீ வருவன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? மூணு மணிக்கு அத்தை போனுக்கு உன் மெசேஜ் வந்துது. பிளைட்டு முன்னாலயே மாத்திட்டாங்க, மன்னிச்சிருங்கன்னு. இங்கிலீஷ்ல. அத்தை மகன் வாசிச்சான். அம்மா, "பிளைட்டுக்காரன் மாத்தினா அவ என்ன செய்வா"ன்னு சொல்லிட்டு எள்ளு முறுக்கை அத்தை பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டா.

மறுநாள் சயான் ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்தது அம்மாதான்.

அப்பா படத்துக்குப் பக்கத்துல அம்மா படம். அந்தப் பாஸ்போர்ட் போட்டோவைத்தான் பெருசாக்கி, பிரேம் போட்டு, சந்தன மாலை போட்டு, மேல சிவப்பு ஜீரோ பல்பு. பொட்டுக்கு மேல குங்குமம் வேற வச்சிருக்க. கீழ ஊதுபத்திச் சாம்பல் அப்படியே கிடந்துது. மதீனா பீவிக்கா ஓடி வந்து, "நான் தடுத்தேன் பிரேமா, உசுரோட இருக்குற மனுசி படத்துக்கு மாலை போடாதம்மான்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். சூட்டிங் முடிஞ்சதும் கழட்டிருதேன்னுச்சு, பொறவு வண்டி வந்துட்டுன்னு போயிட்டு"ன்னு அழுதாவ. முஸ்லிம் வீட்டுல படமே மாட்ட மாட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல.

 ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அம்மா விடல. "இருக்கட்டும்"னா. நான் கேக்கல, மாலையில கை வச்சேன். "பிரேமா, இறங்கு"ன்னு ஒரு அதட்டல். அந்தக் குரலை நான் கேட்டு இருபது வருஷம் ஆகுது. இறங்கிட்டேன். "இந்த வீட்டுல அவ கையால மாட்டினது இது ஒண்ணுதான். எப்படியும் ஒரு நாள் மாட்ட வேண்டியதுதான, கழட்டி மறுபடி மாட்டணுமா?" அப்படின்னுட்டு போய்க் கை கழுவி மாவு பிசைய உக்காந்துட்டா.

தினமும் அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதான் முறுக்கு சுத்துதா. ஆர்டர் எடுக்க வர்ற கடைக்காரங்க ஒரு தடவை மேல பாத்துட்டு, ஒரு தடவை கீழ பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம போறாங்க. எனக்கு மானம் போகுது. உன்னை என் தங்கச்சின்னு சொல்லவே வாய் கூசுது.

பிரேமலதா


லியோன்
2 ஏப்ரல் 2025

அக்கா,

முடிவெடுக்க எனக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். லூக் அப்பா படத்தைப் பார்த்தார். "இது உன் அப்பா. அம்மா எங்கே? இறந்தவர்களின் படம் எல்லா வீட்டிலும் இருக்கிறதே" என்று கேட்டார். கேமராமேன் காத்துக்கொண்டிருந்தான். என் போனில் இருந்த அம்மாவின் நல்ல படம் அது ஒன்றுதான். நைன்டி ஃபீட் ரோட்டில் ஸ்டுடியோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போனேன், வாங்கினேன், மாட்டினேன். ஆணி அடிக்கும்போது மதீனா அக்கா அழுத சத்தம் கேட்டது. அதைப் படத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்காக அழுகிறாள் என்று கீழே எழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிளைட்டை யாரும் மாத்தல. நான்தான் மாத்தினேன். அந்த மாலையைப் போட்ட கையோட அம்மா முன்னால வந்து நிக்க எனக்குத் தைரியம் இல்ல. ஏர்போர்ட் பாத்ரூம்ல உக்காந்துதான் அந்த மெசேஜை அடிச்சேன். திட்டு. நல்லாத் திட்டு.

இப்போது நல்ல சேதி ஒன்று. பாரிஸ் அரங்கு கிடைத்துவிட்டது. 2026 ஜனவரி 17, ஒரே இரவு, ஆயிரத்து இருநூறு இருக்கைகள். அன்றைக்குச் சொல்வேன். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கையை நீட்டி, அதோ என் அம்மா என்று சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதம், டிக்கெட், ஹோட்டல் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டை மட்டும் புதுப்பித்துவிடு. நீயும் வா.

வள்ளி


தாராவி
19 ஆகஸ்ட் 2025

வள்ளி,

இந்த நாலு மாசமா அம்மா நடையே மாறிப் போச்சு. வாக்கிங் போறேன்னு சந்துல ரெண்டு தரம் நடக்கா. பிளைட்டுல கால் வீங்குமாமே, இப்போதிருந்தே பழகணுமாம். "முதல் வரிசையில உக்காந்தா நான் கை தட்டணுமா, சும்மா இருக்கணுமா?"ன்னு ஷாலினிகிட்ட கேக்கா. நானும் சிரிச்சேன். உன் மேல இருந்த கோபம் கொஞ்சம் இறங்கினதும் நிஜம்.

பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தோம். போலீஸ் விசாரணைக்கு ஒரு ஹவல்தார் வந்தார். அன்னைக்குன்னு நான் சரக்கு கொடுக்க செம்பூர் போயிருந்தேன். அம்மா தனியா இருந்தா. அவர் பழைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பாத்தார், அதுல அந்தப் போட்டோ. சுவத்தைப் பாத்தார், அதே போட்டோ, அதே சேலை, மாலை, பல்பு. "யே கோன் ஹை?"ன்னு, இது யாருன்னு கேட்டிருக்கார். நம்ம அம்மா, "மை", நான்தான்னு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கா. அவருக்குத் தலை சுத்திருச்சு. செத்தவ பேர்ல இன்னொருத்தி பாஸ்போர்ட் எடுக்கப் பாக்கான்னு நினைச்சுட்டார். மாலையை யார் போட்டதுன்னு கேட்டதுக்கு, "பேட்டி நே லகாயா. படா ஆர்ட்டிஸ்ட் ஹை"ன்னு பெருமையாச் சொல்லியிருக்கா, மகதான் போட்டா, பெரிய ஆர்ட்டிஸ்ட்டுன்னு.

விண்ணப்பதாரர் யாருன்னு சந்தேகம் இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டார். அந்த ஆள் மேல தப்பே இல்ல. நான் ஹவல்தாரா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். மதீனா பீவிக்காவும் நானும் ஸ்டேஷனுக்கு மூணு தரம் போயிட்டோம். இந்த அம்மாதான் அந்த அம்மான்னு சாட்சி சொன்னோம். அப்போ ஏன் மாலைங்கான். என்னத்தைச் சொல்ல? ப்ரெஞ்சு டிவிக்காகப் போட்டதுன்னு சொன்னா, கூட உக்காந்திருந்தவன் சிரிக்கான்.

இப்போ ரேஷன் கார்டு, பேங்க் புக்கு, டாக்டர் சர்ட்டிபிகேட் எல்லாம் கேட்டிருக்காங்க. மறுபடி விசாரணை வருமாம். எப்போன்னு சொல்ல மாட்டாங்க. அம்மா உசுரோட இருக்கான்னு நான் ஆபீஸ் ஆபீஸா நிரூபிச்சிட்டு இருக்கேன். நீ ஒரு மேடையில சொன்னாப் போதும்னு கேட்டேன்.

இதுக்கப்புறமாவது படத்தைக் கழட்டுதேன்னேன். அதுக்கும் வேண்டாங்கா.

பிரேமா


லியோன்
30 அக்டோபர் 2025

அக்கா,

பாஸ்போர்ட் வந்துவிடும். நம்பிக்கையாக இரு.

ஒரு சின்ன மாற்றம் பற்றி எழுதுகிறேன், கோபப்படாமல் படி. லூக்கிடம் சொல்லிவிட்டேன், அம்மா இருக்கிறார் என்று.  பிறகு ஒரு வழி சொன்னார். டிவி படம் இப்போதுதான் ஒளிபரப்பாகி இருக்கிறது, அந்த மாலையை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். திடீரென்று மாற்றினால் ஏமாற்றுக்காரி என்று கிழித்துவிடுவார்கள், அத்தனை பேரின் வேலையும் போகும் என்கிறார். அதனால் அம்மா வந்தால் முதல் வரிசையிலேயே உட்காரட்டும். நான் அவரைக் காட்டி, என்னை வளர்த்த பெரியம்மா என்று சொல்கிறேன். அடுத்த வருடம் மெதுவாக மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவுக்குப் ப்ரெஞ்சு புரியாதே. நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

இந்த வரியை அடித்துவிடத்தான் நினைத்தேன். அடிக்கவில்லை. நான் எப்படி ஆகியிருக்கிறேன் என்று உனக்காவது தெரியட்டும்.

வள்ளி


தாராவி
24 நவம்பர் 2025

வள்ளி,

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒரு வரி விடாம. அந்தக் கடைசி வரியையும்தான்.

"பெரியம்மான்னா பெரியம்மா. பக்கத்துல இருந்து பாத்தாப் போதும்"னுட்டா.

எனக்கு ஆத்திரம் கூட இல்ல. பாஸ்போர்ட் இன்னும் வரல. இனிமே வந்தாலும் டாக்டர் பிளைட்டு ஏற விட மாட்டார். ரெண்டு தலையணை வச்சுச் சாஞ்சுதான் தூங்குதா. முறுக்கு சுத்துறதை நிறுத்தியாச்சு. கை நடுங்குது, அஞ்சாவது சுத்து உடையுது.

உன் ஷோ தேதி மட்டும் அவளுக்குத் தெளிவா ஞாபகம் இருக்கு. காலண்டர்ல ஷாலினியை வச்சு வட்டம் போட்டிருக்கா.

பிரேமா


பாரிஸ்
18 ஜனவரி 2026

அக்கா,

சொல்லிட்டேன்.

பெரியம்மான்னு சொல்லல. லூக்கிட்ட ஒண்ணும் கேக்காம, கடைசிப் பாட்டுக்கு முன்னால, பாட்டை நிறுத்திட்டுச் சொன்னேன். எங்கம்மா சாகல. அவங்க பேர் விஜயராணி. குப்பை பொறுக்கினதே இல்ல. முறுக்கு சுத்துவாங்க, அஞ்சு சுத்தும் ஒரே அளவுல நிக்கும். இப்போ இந்த நிமிஷம் தாராவியில உசுரோட இருக்காங்க. மாலையைப் போட்டது நான்தான். பொய் சொன்னது நான்தான். ப்ரெஞ்சுல சொல்லிட்டு, தமிழ்லயும் சொன்னேன். எங்கம்மா உசுரோட இருக்கா.

 கல்லெறிவாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். ஆயிரத்து இருநூறு பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க அக்கா. அழுதாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. மேடைக்குப் பின்னால லூக் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு, "அற்புதம். இறந்தவள் உனக்குள் வாழ்கிறாள். எப்படித் தோன்றியது உனக்கு? இனி எல்லா ஊரிலும் இப்படியே முடிக்கலாம்"னார். இல்ல, நிஜமாவே உசுரோட இருக்கான்னு கத்தினேன். தலையைத் தடவிக் கொடுத்தார். அவருக்குத் தெரியும் அக்கா, நான் முன்னாலயே சொல்லியிருக்கேன். தெரிஞ்சும் தடவிக் கொடுத்தார். காலையில பேப்பர்லயும் அப்படித்தான் வந்திருக்கு. யாருமே நம்பல.

பரவாயில்ல. நான் சொல்லிட்டேன். வீடியோ இருக்கு, இதுகூட பென் டிரைவ்ல அனுப்புதேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. தமிழ்ல சொன்னதை அவங்க காதால கேக்கட்டும். ஷோ எல்லாத்தையும் ரத்து பண்ணச் சொல்லியாச்சு. மார்ச்சுல வாரேன், திரும்பிப் போக டிக்கெட் எடுக்கல. படத்தை நானே கழட்டுதேன். நீ தொடாத.

உன் வள்ளி


தாராவி
9 பிப்ரவரி 2026

வள்ளி,

உன் லெட்டர் சனிக்கிழமை வந்துது. பென் டிரைவும் வந்துது.

அம்மா ஜனவரி 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் போயிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ஆட்டோவுல, என் தோள்ல சாஞ்சபடி. பதினாறாம் நாள் விசேஷமும் முடிஞ்சுது.

உனக்கு ஏன் சொல்லலன்னு கேப்ப. அன்னைக்குப் பிளாக்கை எடுத்தேன். உன் நம்பர்ல விரலும் வச்சேன். முந்தின வாரம் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது ஞாபகம் வந்துது. "எனக்கு ஒண்ணு ஆனாலும் 17ஆம் தேதி முடியட்டும் பிரேமா. அழுதாளுன்னா தொண்டை கட்டிக்கும், பாட முடியாது." அவ பேச்சைத் தட்ட எனக்கு மனசு வரல. 17 முடிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாம்தான். சொல்லல. எழுநூறு வருஷம் திட்டினாலும் தீராத கோபம் எனக்கு இருந்துது. இத்தனை வருஷமா ஊர் ஊராப் போய் அழுதுட்டியே, இன்னும் ஒரு மாசம் கழிச்சு அழுதா என்னன்னு இருந்துட்டேன். இது தப்புன்னு எனக்கே தெரியும். உன் லெட்டரை வாசிச்ச பிறகு நல்லாவே தெரியுது.

அவ இருந்த நாளெல்லாம் செத்துட்டான்னு சொன்ன. அவ போய் எட்டு நாள் கழிச்சு, உசுரோட இருக்கான்னு சொன்ன. ஆயிரத்து இருநூறு பேர் நம்பலைன்னு வருத்தப்படாத. அன்னைக்கு அவங்க நினைச்சதுதான் சரி.

வீடியோவை நான் மட்டும் பாத்தேன். தமிழ்ல சொல்லும்போது உன் குரல் அப்படியே அம்மா குரல். அதுல நான் உடைஞ்சு போயிட்டேன், மறைக்கல. ஷாலினி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கா.

பாஸ்போர்ட் ஜனவரி 21ஆம் தேதி தபால்ல வந்துது. உசுரோட இருக்கான்னு ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க. டிரங்குப் பெட்டியில பழையதுகூட வச்சிருக்கேன். நீ வந்தா எடுத்துக்கோ. வராதன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, வான்னு சொல்லவும் வாய் வரல.

படத்தை வந்து கழட்டுதேன்னு எழுதியிருக்க. அதுக்கு இனி அவசியம் இல்ல. அம்மா போன அன்னைக்கு எல்லாரும் பெரிய படம் எங்க, மாலை எங்கன்னு அவசரப்பட்டாங்க. உன் அத்தான் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார். ஏற்கனவே மாட்டியிருக்குன்னு நான்தான் தடுத்தேன். மாலையில தூசிதான் கொஞ்சம் இருந்துது. தட்டிவிட்டேன். பல்பு ஃபியூஸ் ஆகியிருந்துது, புதுசு வாங்கி மாட்டிட்டேன்.

பிரேமா